இருபத்தேழாம் நம்பர் நோயாளி

கஜேந்திரனிடம் ஒரு கதை இருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதை எடுத்து விடுவார். கேட்கிறவர் ஏற்கெனவே நான்கு தரம் கேட்டவராக இருப்பார். அதற்காக அவர் விட்டுவிடப் போவதில்லை.

கஜேந்திரன் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். ஆட்கள் அனுப்பும் ஆஸ்பத்திரிப் பில்களைச் சரிபார்ப்பது, அதில் எதைக் கொடுக்காமல் விடலாம் என்று கண்டுபிடிப்பது, இதுதான் வேலை. இருபது வருடத்துக்கு முன்னால் ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் வேலை செய்த இராமர் என்பவருடைய பில் அவர் மேசைக்கு வந்தது. நான்கு நாள் தனியார் ஆஸ்பத்திரி. எல்லாத் தாளிலும் இராமர் என்றே பெயர், எல்லாவற்றிலும் சீல், கையெழுத்து. வேறொருவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணியிருப்பார். கஜேந்திரன் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தார். அங்கே, இரத்தப் பரிசோதனைகளுக்கு நடுவில், கர்ப்பம் இருக்கிறதா என்று பார்த்த பரிசோதனைக்கும் ஒரு கணக்கு இருந்தது.

"இராமருக்கு வயித்தில பிள்ளையோ எண்டு பாத்திருக்கிறாங்களப்பா!" என்று இந்த இடத்தில் கஜேந்திரன் தொடையில் தட்டுவார். சபை சிரிக்கும். உண்மையில் படுத்திருந்தது இராமருடைய மனைவி வெள்ளையம்மா. யார்டுக்காரர் எடுத்த காப்புறுதி இராமருக்கு மட்டும்தான், மனைவிக்கு இல்லை. கஜேந்திரன் சிவப்பு மையால் 'ஆள்மாறாட்டம்' என்று எழுதி அந்தக் கோரிக்கையை நிராகரித்தார். மனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதை அத்தோடு முடிந்துவிடும், பந்திக்கும் கூப்பிட்டு விடுவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர்தான் போன மாசி மாதம், அறுபத்து மூன்றாவது வயதில், சொந்தக் காசைக் கட்டி ஆள்மாறாட்டம் செய்தார்.

தொடங்கியது மாடிப்படியில். அவர்களுடைய பிளாட் மூன்றாம் மாடியில். லிஃப்ட் இருக்கிறது, அதற்குள் யாரோ பழைய கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் சந்தைப் பையோடு படியேறும்போது மனைவி சுதர்சினி இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். கடல் என்றாள். அந்த ஜன்னலால் தெரிவது பக்கத்துப் பிளாட்டின் தண்ணீர்த் தாங்கி மட்டும்தான். அவளுக்கு மூச்சு வாங்குகிறது, அதை மறைக்கிறாள் என்று கஜேந்திரனுக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு கவனித்தார். பின்னேரங்களில் செருப்பின் வார் பாதத்தில் அழுந்தித் தடம் விழுந்திருந்தது. படுக்கும்போது தலைக்கு இரண்டு தலையணை வைத்தாள்.

கஜேந்திரன் பயந்துவிட்டார். முப்பத்தொரு வருடம் அடுத்தவர்களின் நோயை வாசித்தவருக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று தெரியும். அவள் இல்லாத பிளாட்டில், தேயிலை எந்தப் பேணிக்குள் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், தான் மட்டும் நிற்பதை நினைத்துப் பார்த்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"சுதா, நாளைக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைச் சனல் பண்ணுவம்" என்றார்.

கொழும்பில் சனல் பண்ணுவது என்றால் தெரியும்தானே. தனியார் ஆஸ்பத்திரியில் காசைக் கட்டி, நம்பர் எடுத்து, ஏழு மணிக்கு வருவார் என்ற டொக்டருக்கு எட்டரை வரைக்கும் காத்திருந்து, நான்கு நிமிடம் பார்த்துவிட்டு வருவது.

"எனக்கொண்டுமில்லையப்பா. சும்மா காசைக் கரியாக்காதேங்கோ."

"என்ட காசு. நான் கரியாக்குவன்."

"அந்தோனியாரிட்டச் சொல்லியிருக்கிறன். அவர் பாத்துக்கொள்ளுவார்."

சுதர்சினி நல்லூர் முருகனின் பக்தை. ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைத் தேவாலயத்து அந்தோனியாரிடமும் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்துவாள். கொழும்புக்கு வந்த சைவக்காரர் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. சில செவ்வாய்களில் விடியப்புறம் ஐந்து மணிக்கே வெளிக்கிட்டு மத்தியானம்தான் வருவாள். அன்றைக்குச் சனம் அதிகம் என்பாள்.

அவள் வர மறுப்பது காசை நினைத்துத்தான் என்று கஜேந்திரனுக்குத் தெரியும். கம்பெனி காப்புறுதி, பென்ஷன் எடுத்த நாளோடு போய்விட்டது. பென்ஷனும் வங்கியில் ஒரு நிலையான வைப்பும் இருக்கின்றன, வேறொன்றுமில்லை. அரச ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அங்கே எல்லாம் இலவசம். ஆனால் கஜேந்திரன் அதைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தது வேறு. "சும்மா கிடைக்கிற மருந்துக்கு வரிசையில நிண்டா மனுசனுக்கு என்ன மரியாதை? நானோ என்ட மனுசியோ அந்த வாசல் மிதிக்கமாட்டம். என்ட காசில பாப்பன்." இதை அவர் லிஃப்ட் ஓடாத மூன்றாம் மாடியிலிருந்து சொன்னார் என்பது அவருக்கே பின்னர்தான் உறைத்தது.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. இவ்வளவு காலம் மூளையைப் பில்லில் மட்டும் பாவித்த மனிதருக்கு வரக்கூடிய யோசனைதான். நோயாளி வராவிட்டால் என்ன, நோய் போகலாம்தானே? அவளுடைய வருத்தத்தைத் தன்னுடையது என்று சொல்லி மருந்தை வாங்கிவந்தால் முடிந்தது.

காலி வீதியில் ஹபீஸின் மருந்துக்கடையில்தான் சனலுக்குப் பதிவது. ஹபீஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அங்கிள், பேஷண்ட் பேர் என்ன போட?" என்றான்.

"கஜேந்திரன்."

"ஒங்களுக்கா? நீங்க நல்லாத்தானே இரிக்கிறீங்க."

"வெளியில பாத்தா எல்லாரும் நல்லாத்தான் தம்பி."

இருபத்தேழாம் நம்பர் கிடைத்தது. டொக்டருக்கு, ஆஸ்பத்திரிக்கு, போன் பண்ணினதுக்கு என்று மூன்று பங்காய்க் காசு கட்டினார்.

டொக்டர் கெட்டிக்காரர், பெயர் பெற்றவர், அதனால் ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தார். கஜேந்திரன் குளிரூட்டிக்குக் கீழே இருந்து பாடம் பண்ணினார். படியேறினால் மூச்சு வாங்கும், பின்னேரம் கால் வீங்கும், இரண்டு தலையணை. மூன்றே வசனம். உள்ளே போனதும் கடகடவென்று ஒப்புவித்தார்.

"வேற எப்ப மூச்சு வாங்குது?" என்று டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

இது பாடத்தில் இல்லை. "தேங்காய் துருவேக்க" என்றார் கஜேந்திரன்.

டொக்டரின் பேனை நின்றது. "வீட்டில நீங்களோ தேங்காய் துருவுறது?"

"ஓம் டொக்டர். நான்தான்." வாழ்நாளில் திருவலையில் குந்தியிராத மனிதர் அதைக் கண்ணிமைக்காமல் சொன்னார்.

டொக்டர் அவருடைய பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "வீக்கத்தைக் காணேல்லை."

"பின்னேரத்திலதான் வாறது."

"இப்ப இரவு பத்தரை மணி."

கஜேந்திரனுக்கு வியர்த்தது. அந்த நேரம் பார்த்து டொக்டர் பிரஷர் பட்டியைக் கையில் சுற்றினார். பொய் சொல்லி மாட்டுப்பட இருக்கிறவனின் பிரஷர் எப்படி இருக்கும்? நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று நான்கு. டொக்டரின் முகம் மாறியது. ஈசீஜீ எடுங்கோ, எக்கோ எடுங்கோ, இரத்தமும் குடுங்கோ என்று சீட்டெழுதினார்.

இப்போதாவது உண்மையைச் சொல்லி எழும்பி வந்திருக்கலாம். கஜேந்திரன் காஷியரிடம் போய்க் கார்டை நீட்டினார். சட்டையைக் கழற்றிப் படுத்து, நெஞ்சில் வயர் பூட்டி, குளிர்ந்த பசை தடவி, ஒரு நோயும் இல்லாத இதயத்தைப் படம் பிடிப்பதற்கு இரண்டு மாதப் பென்ஷன் போனது. மூன்றாம் நாள் ரிப்போர்ட்டைக் காட்ட இன்னொரு சனல். "ஹார்ட் இருபத்தைஞ்சு வயசுப் பெடியன்ர மாதிரி இருக்கு" என்றார் டொக்டர். பிரஷர் மட்டும் அன்றைக்கும் இறங்கவில்லை, ஏனென்றால் பொய்யும் இன்னும் இறங்கவில்லை. பிரஷருக்கு ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார்.

படியிறங்கும்போது கஜேந்திரன் தன் மனதோடு வாதாடினார். டொக்டர் கேட்டது யாருடைய வருத்தத்தை? சுதாவுடையதை. அந்த வருத்தத்தைக் கேட்டுத்தானே குளிசை எழுதினார்? அப்படியென்றால் குளிசை சுதாவுடையதுதான். உடம்பு மட்டும்தான் ஆள் மாறியது. இதே வாதத்தை வேறு யாராவது ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்தால், கஜேந்திரன் அதை ஒஃபீஸ் முழுக்க வாசித்துக் காட்டிச் சிரித்திருப்பார்.

வீட்டுக்கு வந்து, ஒரு பழைய விற்றமின் போத்தலைக் கழுவித் துடைத்து, குளிசைகளை அட்டையிலிருந்து பிதுக்கி அதற்குள் போட்டார்.

"சுதா, இது நல்ல விற்றமின். காலமை ஒண்டு, இரவு ஒண்டு போடு. உனக்கெண்டுதான் வாங்கினனான்."

சுதர்சினி போத்தலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தண்ணீர் எடுத்து விழுங்கினாள். மூன்று நாளும் நேரம் தவறாமல் விழுங்கினாள். காசு கட்டினால் எதுவும் நடக்கும் என்று கஜேந்திரன் தனக்குள் பெருமைப்பட்டார்.

நான்காம் நாள் காலை அவள் குசினியில் விழுந்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. கரண்டி விழுந்த சத்தம்தான் கேட்டது. போய்ப் பார்த்தால், சுவரோடு சாய்ந்து தரையில் கிடந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. கை குளிர்ந்திருந்தது. கஜேந்திரன் கத்தின கத்தலில் கீழ்மாடிப் பெடியன்கள் ஓடிவந்து, கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். அவர் வழக்கமான தனியார் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்.

சுதர்சினி கண்ணைத் திறக்காமல், "களுபோவிலைக்கு விடச் சொல்லுங்கோ" என்றாள்.

"உனக்கு விசரே? அது அரசாங்க ஆஸ்பத்திரி."

"கொப்பி என்ட ஹாண்ட்பேக்கில இருக்கு."

பிதற்றுகிறாள் என்று நினைத்தார். கையில் வேறு பிடி இல்லாமல் பையைத் திறந்தார். பொலித்தீனில் சுற்றி ஒரு கிளினிக் கொப்பி. மேலே அவளுடைய பெயர், களுபோவில ஆஸ்பத்திரி முத்திரை. திறந்தால் மாதத்துக்கு ஒன்றாகத் திகதிகள், இரண்டு வருடத்துக்கு. அவர் எந்தப் பில்லையும் வாசிக்கும் வேகத்தில் வாசித்தார். எல்லாம் செவ்வாய்க்கிழமை.

"களுபோவிலைக்கு விடுங்கோ தம்பி" என்றார்.

அவசரப் பிரிவில் பிரஷர் பட்டியைச் சுற்றிய நர்ஸ் மிஸ் எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். எண்பதுக்கு ஐம்பது. யாரோ சேலைன் போத்தலைத் தூக்கினார்கள், யாரோ கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினார்கள். மிஸ் கொப்பியைப் புரட்டிவிட்டுக் கஜேந்திரனிடம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டாள். "வெந மொன பெஹெத்த துன்னே?" வேறு என்ன மருந்து கொடுத்தீர்கள்?

பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அதில் இரண்டு பேர் வெள்ளவத்தை முகங்கள். கலியாண வீடுகளில் அவர் கதைக்குச் சிரித்தவர்கள். கஜேந்திரன் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு நின்றார். அந்த ஒரு கணத்துக்காக இன்றைக்கும் அவருக்குத் தன்மேல் வெறுப்பு உண்டு. பிறகு கட்டிலில் அவளுடைய வெளிறிய உதட்டைப் பார்த்தார். பாய்ந்து காற்சட்டைப் பைக்குள் கைவிட்டுப் போத்தலை எடுத்தார். அதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியாது.

"மகே பெஹெத்" என்றார். என்னுடைய மருந்து. பிறகு தமிழில், பிறகு இங்கிலீசில், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னார். "என்ட பிரஷர் குளிசை. பொய் சொல்லி எடுத்தது. விற்றமின் எண்டு சொல்லிக் குடுத்தனான். நான் குடுத்தனான் மிஸ். மூண்டு நாள்."

மிஸ் கொப்பியில் இருந்த குளிசையின் பெயரையும், கேட்டபோது அவர் சொன்ன குளிசையின் பெயரையும் ஒப்பிட்டாள். இரண்டும் ஒரே குளிசை. கிளினிக்கில் கொடுத்ததை அவள் ஒழுங்காகப் போட்டு வந்தாள். அதற்கு மேல் கஜேந்திரன் தன் காசில் இன்னொரு பங்கைப் போட்டிருக்கிறார்.

மத்தியானத்துக்குள் பிரஷர் ஏறிவிட்டது. இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்று வோட்டில் சேர்த்தார்கள். காசு எங்கே கட்டுவது என்று கஜேந்திரன் பழக்கதோஷத்தில் கேட்டார். வோட்டு வேலையாட்களை மேய்க்கும் கங்காணி அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போய் ஒரு போத்தல் தண்ணீரும் சவர்க்காரமும் வாங்கிவரச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை வோட்டுக்கு டொக்டர் வந்தார். கஜேந்திரன் கட்டிலுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார், கட்டில் சிறியது. காசு கட்டி ஒன்றே முக்கால் மணித்தியாலம் காத்திருந்து பார்த்த அதே முகம், இங்கே காலை ஏழரைக்கே வந்து நின்றது. டொக்டர் கொப்பியைப் பார்த்தார், விற்றமின் போத்தலைப் பார்த்தார், கஜேந்திரனை நெடுநேரம் பார்த்தார்.

"நீங்கள் தேங்காய் துருவுற ஆளெல்லோ?"

"ஓம் டொக்டர்."

"இந்த அம்மாவை நான் ரெண்டு வருஷமாப் பாக்கிறன். என்னட்டயே காசு தந்து, இவவின்ர வருத்தத்தை எனக்கே சொல்லிக் காட்டியிருக்கிறீங்கள்." சிரிப்பார் என்று கஜேந்திரன் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு நாள் குடுத்திருந்தால் நாங்கள் இப்பிடிக் கதைச்சுக்கொண்டு நிக்கமாட்டம். விளங்குதோ?"

விளங்கியது. போகிற போக்கில் டொக்டர் மிஸ்ஸிடம் அவருடைய பிரஷரையும் பார்க்கச் சொன்னார். நூற்று இருபத்தாறுக்கு எண்பது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாத மனிதரின் பிரஷர். அதற்கு யாரும் பில் போடவில்லை.

எல்லோரும் போன பிறகு கஜேந்திரன் வாங்கில் இருந்தார். "செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிட்டப் போறனெண்டு சொன்னாய்."

"போறனான்தான். மாசத்தில மூண்டு செவ்வாய் அவருக்கு. ஒண்டு டொக்டருக்கு."

"எனக்குச் சொன்னா என்ன?"

"சொன்னா நீங்கள் அந்த வைப்பை உடைச்சிருப்பீங்கள். உடைச்சுப் போட்டு, எங்கட காசில பாக்கிறம் எண்டு ஊரெல்லாம் சொல்லியிருப்பீங்கள்." சுதர்சினி தலையணையில் தலையைத் திருப்பினாள். "இப்ப எவ்வளவோ சுகமப்பா. முந்தி ஒவ்வொரு மாடியிலயும் நிண்டு நிண்டுதான் ஏறினனான். இப்ப ஒருக்காத்தான் நிக்கிறன். நான் சுகமாகி வரேக்கதான் நீங்கள் கண்டனீங்கள்."

கஜேந்திரன் தரையைப் பார்த்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்கிற மனிதர் என்று பேரெடுத்தவர், ஒரே வீட்டில் இரண்டு வருடமாக முதல் பக்கத்தைத் திறக்கவில்லை.

"அது விற்றமின் இல்லையெண்டு உனக்குத் தெரியேல்லையோ? அதே குளிசையெல்லோ?"

"கிளினிக்கில தாறது வேற நிறம். நீங்கள் தந்தது கசந்தது, விற்றமின் இல்லையெண்டு தெரிஞ்சது. ஆனா உனக்கெண்டு வாங்கினனான் எண்டு நீங்கள் ஒண்டைக் கொண்டுவந்து தந்தது எந்தக் காலத்தில? அதுதான் விழுங்கினன்."

அழுகை வந்தால் அவர் பகிடிக்குள் ஒளிந்துகொள்வார், அதுதான் பழக்கம். "பாத்தியே சுதா, கடைசியில நானும் இராமரும் ஒரு கட்சி. எனக்கும் பிள்ளை இருக்கோ எண்டு பாத்திருப்பாங்கள், பில்லைச் சரியாப் பாக்கோணும்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் சிரித்தாள். சுதர்சினி சிரிக்கவில்லை. இந்தக் கதையை அவள் எத்தனையோ கலியாண வீட்டில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

"அந்த இராமரின்ர மனுசி," என்றாள். "வெள்ளையம்மா. நீங்கள் காசு இல்லையெண்டு எழுதினாப் பிறகு அவவுக்கு என்ன நடந்தது?"

அந்தக் கேள்வியை எந்தப் பந்தியிலும் யாரும் கேட்டதில்லை.

"தெரியாது."

"அவவுக்கு என்ன வருத்தம்? அதெண்டாலும் பில்லில இருந்திருக்குமே."

இருந்திருக்கும். பில்லின் இலக்கம் அவருக்கு இன்றைக்கும் பாடம். திகதி பாடம். கர்ப்பப் பரிசோதனைக்கு எத்தனை ரூபாய் என்பதும், அது எத்தனையாவது வரி என்பதும், மனேஜர் எந்தக் கையால் கைகுலுக்கினார் என்பதும் பாடம். நோயின் பெயர் முதல் பக்கத்திலேயே, மேலே, பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும். கஜேந்திரன் எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். அது மட்டும் ஞாபகம் வரவில்லை.